கேப்டனுக்குப் பொருந்திய சக்கரம்

என் அக்கா புருஷனைச் சைக்கிள் கிளப்பில் எல்லோரும் 'இஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிற வேலை. நாற்பதை நெருங்கிய மனுஷனுக்கு ஒரே ஆசை: ஒருமுறையாவது கிளப் அணியில் சேர்ந்து, முன்னால் போகிற கூட்டத்தோடு பந்தயத்தை முடிக்க வேண்டும்.

"கார்பன் சக்கரம் இல்லாம இந்தப் பக்கமே வராதீங்க" என்று அணியின் கேப்டன் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான்.

சைக்கிள் கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் நியாயஸ்தர். இரண்டு கார்பன் சக்கரங்களை எடுத்து வைத்து, ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது பாதி விலைதாண்ணே. காத்தைக் கிழிக்கிறதுல ரெண்டுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். உங்க வேகத்துக்கு இதுவே தாராளம்."

"கேப்டன் வண்டியில இருக்கறது எது?"

"அந்த விலை ஒசந்தது."

"அதையே குடுங்க."

அக்கா தையல் மெஷினுக்குச் சேர்த்த பணம் மொத்தமும் காலி. "மூளையைக் கழட்டி வெச்சிட்டீங்களா மாமா?" என்று கத்தினேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது மாப்ளே."

கேப்டன் அவரை ஓட்டிக் காட்டச் சொல்லவே இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டிப் பார்த்தான். "கச்சிதமா உக்காருது! நீங்க அணியில இருக்கீங்க." மாமா சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

பந்தயத்தன்று தண்ணீர் பாட்டிலோடு மேட்டில் நின்றேன். அடேயப்பா, மாமா நிஜமாகவே முன் கூட்டத்தில் வந்தார்! தொண்டை கிழியக் கூவினேன். அந்த நேரம் பார்த்துக் கேப்டனின் முன்டயர் பஞ்சர். தலைவனுக்குப் பஞ்சரானால் பக்கத்தில் வரும் கூட்டாளி தன் சக்கரத்தைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் ஆட்டத்தில் அதுதான் வழக்கம்.

"இஸ்திரி, கழட்டு!"

மாமா கழற்றிக் கொடுத்தார். கேப்டன் பறந்தான். தாமதமாக வந்து சேர்ந்த, மாற்றுச் சக்கரம் வைத்திருந்த அணியின் காரும் அவன் பின்னாலேயே போனது. மாமா கைகாட்டினார், பாவிகள் நிறுத்தவில்லை. வண்டியைத் தோளில் போட்டு நடந்தே போய்ச் சேர்ந்தபோது, எல்லைக்கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன்தான் முதலாவது.

சக்கரம் சேறோடு வீடு திரும்பியது. பின்னாலேயே கேப்டனிடமிருந்து போன் வந்தது.

"அடுத்த பந்தயத்துக்கு ஆள் போதும், நீங்க வரவேணாம். சக்கரத்தை மட்டும் குடுத்தனுப்புங்க."

"குடுங்க, நடுரோட்டுல போட்டு ஒடைக்கிறேன்!" என்று குதித்தேன்.

மாமா உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, சக்கரத்தை என் கையில் வைத்தார்.

"பாத்து எடுத்துட்டுப் போ மாப்ளே. கீறல் விழுந்தா அவரு கோவிச்சுக்குவாரு."