அவள் கட்டைவிரலில் மாட்டியது

பூசையில் தூங்குகிறவர் என்று எங்கள் சர்ச் பங்கில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பாடகர் குழுவில் இருப்பதால் பீடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பிரசங்கம் தொடங்கியதும் என் தலை ஆடத் தொடங்குவதை கோயில் முழுக்கப் பார்க்கும். ஒருமுறை ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மைக்கிலேயே, "நம்ம பாடகர் முன்னாடியே ஆரம்பிச்சிட்டார்" என்றார். அவ்வளவு சத்தமாகக் குறட்டை விட்டிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். நான் கணக்கு, அவள் தமிழ். மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கமாக மூன்றாவது மாடி வீடு ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் குறட்டையைப் பற்றி அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். "மூச்சு அப்படியே நின்னுபோகுதுங்க. அப்புறம் தண்ணிக்குள்ளேயிருந்து எழுந்த மாதிரி ஒரு இழு இழுக்கிறீங்க" என்பாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் லஸ் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திய இடத்திலேயே தூங்கிவிட்டேன். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்தது தெரியவில்லை. வண்டி ஒருபக்கமாகச் சாய, அவள் காலை ஊன்றித் தாங்கிக்கொண்டாள். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா நைனா, வூட்டாண்ட போய்த் தூங்கு. பின்னாடி பொம்பள குந்திகினு கீதில்ல!" என்று கத்தினார். அன்று சாயங்காலமே என்னை அடையாறில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்னப் பெண், பொறுமையானவர். "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு நினைக்கிறேன் சார். ஒரு ராத்திரி முழுக்க ரத்தத்துல ஆக்சிஜன் எப்படி இறங்குதுன்னு பார்த்துடலாம். ரொம்ப இறங்கினா, தூங்கும்போது மாஸ்க் போட்டுக்கணும். மெஷின் காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும், மூச்சு நிக்காது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாஸ்க் என்ற சொல்லுக்கு மேல் எதுவும் எனக்குக் காதில் விழவில்லை.

என் அண்ணன் பாலவாக்கத்தில் இருந்தார். கொரோனாவின் இரண்டாவது அலையில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். முகம் என்றா சொன்னேன்? மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள் இருந்தன. கண்கள் மட்டும்தான் வெளியே. அவர் ஏதோ சொல்ல முயன்றார். மாஸ்க் வெள்ளையாக ஆவி படிந்து தெளிந்ததே தவிர, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு மூடிய பெட்டியைத்தான் பார்த்தோம். அன்றிலிருந்து அந்த மாதிரி மாஸ்க்கை யார் முகத்தில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இதை நான் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆக்சிஜனை அளக்கும் கருவி ராயப்பேட்டையில் ஒரு கடையில் வாடகைக்குக் கிடைத்தது. சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில், ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்கு விடும் கடை. கருவி ஒரு ரப்பர் மோதிரம்தான், மேலே சின்னதாக ஒரு பெட்டி. கடைக்காரர் அதை என் கையில் வைத்து, "கட்ட வெரல்ல மாட்டிகினு தூங்கு சார். ஆக்சிஜன் எறங்கிச்சின்னா கிர்ருனு ஆடும், பயந்துடாத. காலைல எட்த்துகினு வா, பேப்பர் போட்டுத் தரேன்" என்றார்.

அன்று இரவு ஜெபமாலை முடிந்ததும் அவள் கண்ணெதிரிலேயே மாட்டிக்கொண்டேன். வழக்கம்போல இடது கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு படுத்தவள் ஐந்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வராத நேரத்தில்தான் புத்தி வேலை செய்தது. இவள் குறட்டை விடுவதில்லை. ஒல்லியான உடம்பு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறுகிறவள். மோதிரத்துக்கு ஒரு கட்டைவிரல் வேண்டும், அவ்வளவுதானே?

பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதற்காக எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்! அந்த நான், மோதிரத்தை மெதுவாகக் கழற்றி, ஜெபமாலை இல்லாத அவளுடைய வலது கையின் கட்டைவிரலில் மாட்டினேன். அவள் அசையவில்லை. அதன்பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடியற்காலை அவள் அலாரம் அடிக்கும் முன் எழுந்து கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, இரண்டு பக்கம் அச்சடித்து எடுத்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? ராவெல்லாம் எறங்கி எறங்கி ஏறிகினு கீது. தொண்ணூத்தஞ்சு இருக்கணும், எழுவத்து நாலு வரைக்கும் போயிருக்குது சார். நீ ஒண்டியா வண்டிய ஓட்டிகினா வந்த?"

"மெஷின் தப்பா இருக்கும்" என்றேன்.

"மெஷினு நல்லாத்தான் கீது. நேத்துதான் புது பேட்டரி போட்டேன். மொதல்ல டாக்டராண்ட போ சார்."

தாளின் தலைப்பில் என் பெயர், என் வயது. கீழே ஒரு கோடு ரம்பத்தின் பற்களைப்போல இரவு முழுக்க விழுந்து விழுந்து எழுந்திருந்தது. ஒவ்வொரு பல்லும் அவள் விட மறந்த ஒரு மூச்சு. கடையின் முன்னாலிருந்த வாடகைச் சக்கர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் தலை வலிக்கிறது என்று அவள் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்வது எத்தனை வருஷமாக நடக்கிறது? "அஞ்சரை மணிப் பூசைக்கு ஓடினா தலை வலிக்காம என்ன செய்யும்?" என்று நான் கிண்டல் செய்வேன். மத்தியான வகுப்பில் கண் சொருகுகிறது என்பாள். வயசாகுது என்பேன். இருபத்தெட்டு வருஷமாக என் குறட்டையை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். அவளுடைய மூச்சை எண்ண வீட்டில் ஆளில்லை.

உடனே அவளிடம் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. தாளை மடித்து விடைத்தாள் கட்டுக்குள் செருகிவிட்டு வகுப்புக்குப் போனேன். சொன்னால் திருட்டுத்தனமும் சேர்ந்து வெளியே வரும். சொல்லாவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

இரண்டு ராத்திரி தூங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சத்தமே இல்லை. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், பிறகு நின்றுவிடும். நான் எண்ணுவேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஒரு சின்னப் பெருமூச்சு வரும், மறுபடி ஓடும். அந்தப் பெருமூச்சை நான் எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். நல்ல கனவு காண்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். முப்பதைத் தாண்டிய ஒருமுறை தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "என்னங்க?" என்றாள். "கொசு" என்றேன்.

மூன்றாம் நாள் டாக்டரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவங்களைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. நீங்களும் ஒருநாள் ஒழுங்கா போட்டுக்கணும்" என்றார். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டினேன்.

அன்று இரவு எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்:

"அன்னிக்கு ராத்திரி என் விரல்ல மாட்டினீங்களே, அது என்னங்க ஆச்சு?"

நான் தண்ணீர் டம்ளரை எட்டி எடுத்தேன்.

"கிர்ருனு ஆடுச்சு, முழிச்சிக்கிட்டேன். பார்த்தா என் கையில இருக்கு" என்றாள். "நான் தலைவலி தலைவலின்னு சொல்றத நீங்க காதுலயே வாங்கலன்னு நினைச்சிருந்தேன். எனக்குத் தெரியாமலே பரீட்சை பண்றீங்களே. கேட்டா வெக்கப்படுவீங்கன்னு பேசாம படுத்துக்கிட்டேன். மூணு நாளா நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருக்கேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான புதிதில் பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் குறையுது. டாக்டரைப் பார்த்துடலாம்."

"உங்களுக்கு?"

"மறுநாள் நான் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுமில்லையாம்."

அது முழுப் பொய். அவள் விரலிலிருந்து கழற்றிய காலையிலேயே மோதிரம் கடைக்குத் திரும்பிவிட்டது.

பிறகெல்லாம் வேகமாக நடந்தது. அவளுக்குச் சரியான பரிசோதனை செய்தார்கள், மெஷின் வந்தது, மாஸ்க்கும் வந்தது. எந்த மாஸ்க்குக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அதை ஒவ்வொரு இரவும் என் கையாலேயே அவள் முகத்தில் வைத்து, பின்னால் வாரை இழுத்து மாட்டிவிட்டேன். அவளுக்கானால் ஒரே மாதத்தில் தலைவலி போனது, முகம் தெளிந்தது. தைலம் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தாள்.

அந்த மாதம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை முறைவைத்து ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். முடிவில் ஒவ்வொருவரும் அந்த மாதத்தில் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிரசவம் என்று ஒவ்வொன்றாக வந்து, என் மனைவியின் முறை வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரருக்காக ஆண்டவருக்கு நன்றி. தனக்குன்னு வாடகைக்கு எடுத்த மெஷினை, நான் தூங்கும்போது எனக்கு மாட்டிவிட்டுப் பார்த்தார். அவர் இல்லன்னா எனக்கு இப்படி ஒரு நோய் இருக்குறதே தெரிஞ்சிருக்காது."

ஆமென் என்றார்கள். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். பூசையில் பாடிப் பழகிய குரல், நன்றாகவே வெளியே வந்தது. அதைக் கேட்டபோதுதான் இனி ஒரு நாள்கூட முடியாது என்று தோன்றியது.

எல்லோரும் போனபிறகு அவள் தொட்டியில் டீ டம்ளர்களைக் கழுவ, நான் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னேன். அண்ணனின் முகத்திலிருந்து தொடங்கி, எனக்கு மறுநாள் பார்த்ததாகச் சொன்ன பொய்வரை எதையும் விடவில்லை. உனக்காக மாட்டவில்லை, நான் தப்பிக்கத்தான் மாட்டினேன் என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. குழாய் திறந்தபடி இருந்தது. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்:

"அப்ப உங்களுக்கு எவ்வளவு இறங்குதுன்னு இதுவரைக்கும் யாருக்குமே தெரியாதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. துடைக்கும் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று இரவு மாஸ்க்கை அவளே மாட்டிக்கொண்டாள். வாரைப் பிடிக்க நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டாள். மறுநாள் சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. மாலையில் அவள் வீடு திரும்ப நேரமானது. ராயப்பேட்டைக்குத் தனியாக பஸ்ஸில் போய்விட்டு வந்திருந்தாள். கைப்பையிலிருந்து அந்த ரப்பர் மோதிரத்தை எடுத்து, ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

படுக்கும் நேரத்தில் என் கையை இழுத்து, கட்டைவிரலில் மோதிரத்தை ஏற்றி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு நாற்காலி ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ மாஸ்க் போட்டுக்கோ" என்றேன்.

"நான் இன்னிக்குத் தூங்கப் போறதில்ல" என்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, குரலிலும் இருந்தது. ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

"கண்ணை மூடுங்க. இந்தத் தடவை மோதிரம் எங்க போகுதுன்னு நான் பார்த்துக்கறேன்."