ஒரு சாண் குறைந்த திரை

நாற்பத்து மூன்று வயதில்தான் அவள் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு வீடு தேடினாள். அதற்கு முன்பு பிறந்த வீடு இருந்தது, பிறகு புகுந்த வீடு இருந்தது. விவாகரத்து முடிந்தபோது கையில் இரண்டு பெட்டிகள்தான் மிச்சம். தம்பி "வந்துடுக்கா" என்றான். எங்கே படுப்பது என்பதைப் பற்றி அவனும் பேசவில்லை, பக்கத்தில் நின்ற அவன் மனைவியும் பேசவில்லை.

புது ஊரில் ஒரு திரைச்சீலைக் கடை அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஜன்னலுக்கும் கதவுக்கும் திரை தைத்து, வீட்டுக்கே போய் மாட்டிக்கொடுக்கும் கடை. அங்கே அவளுக்குக் குண்டூசியக்கா என்று பெயர். துணி மடிக்கும்போது உதட்டு நுனியில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வாள். ஊசி வாயில் இருக்கிறவளிடம் யாரும் பதிலை எதிர்பார்க்க முடியாது. "வீட்டுக்காரர் என்ன பண்றாருக்கா?" என்று கேட்டால் தலையை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆட்டுவாள். கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டு போவார்கள்.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு மட்டும் ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டு ஒன்று சொல்வாள்: "ஜன்னலைப் பாக்காம கத்தரிக்கோலத் தொடாதீங்க. நீளமா வெட்டினா மடிச்சுக்கலாம். குட்டையா வெட்டினா அழுதாலும் வளராது."

அவள் தங்கியிருந்தது பெண்கள் விடுதியில், ஒரு கட்டிலும் பாதி அலமாரியும். பன்னிரண்டு வயது மகள் அப்பாவோடும் அத்தையோடும் பழைய வீட்டில் இருந்தாள். பேசி முடித்த ஏற்பாடு இதுதான்: மகளுக்குத் தனி அறையோடு அம்மா ஒரு வீடு பிடித்துவிட்டால், பள்ளி திறப்பதற்குள் மகள் அம்மாவிடம் வந்துவிடலாம். பிடிக்க முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே படிப்பாள்.

"அங்கயும் எனக்கே எனக்குன்னு ரூம் இருக்குமாம்மா?" என்று ஃபோனில் கேட்டாள் மகள்.

"இருக்கும்."

"ஜன்னல்?"

"ஏண்டி, ஜன்னல் இல்லாத வீட்டை உங்கம்மா பிடிப்பாளா?"

பிடித்துத்தான் இருப்பாள், கிடைத்திருந்தால். புரோக்கர் ஒருவர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாளெல்லாம் அவளைப் படி ஏற்றி இறக்கினார். ஒரு வீட்டில் சமையலறையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். குளியலறையைத் தாண்டித்தான் படுக்கையறைக்குப் போக வேண்டும். "காத்தோட்டமா இருக்கும்" என்றார் புரோக்கர். "எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று கேட்டாள். இன்னொரு வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் கைக்கு எட்டியது. "வெயிலே வராதுக்கா, திரைச் செலவு மிச்சம்" என்றார். திரை தைக்கிறவளிடம் போய் அதைச் சொன்னார்.

வாடகை கட்டுப்படியாகும் வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. கதவைப் பாதி திறந்துகொண்டு முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

"எத்தனை பேர்?"

"நானும் என் பொண்ணும்."

"நாங்க குடும்பத்துக்குத்தான் விடறது."

"நாங்க குடும்பந்தாங்க."

"அது சரி, ஆனா குடும்பம்னா..." என்று இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர் மரியாதையாக, "நல்லவங்களாத்தான் தெரியறீங்க. ஆனா நாளைக்கு யாராவது வந்து சத்தம் போட்டா?" என்றார். அவளைத் தேடி வந்து சத்தம் போட உலகத்தில் ஒருவரும் இல்லை.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தபோது அந்த வீடு வந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. இரண்டு அறை, நீளமான கூடம். சின்ன அறையில் தெருவைப் பார்த்த ஜன்னல். உரிமையாளர்கள் முதல் மாடியில் இருந்தார்கள், ஓய்வுபெற்ற வங்கிக்காரரும் மனைவியும். படி ஏறும்போதே புரோக்கர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இதையும் விட்டுட்டா என்கிட்ட வேற வீடு இல்ல. உங்க வீட்டுக்காரர் வெளியூர்ல வேலைன்னு நான் சொல்லிடறேன். நீங்க வாயத் திறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க."

"பொய்யா?"

"பொய் நான் சொல்றேன். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம். வங்கிக்காரரின் மனைவி, "எப்ப வருவார் உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டபோது புரோக்கர், "பாப்பாவுக்கு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுவார்மா" என்றார். அவள் தலையாட்டினாள். வாயில் ஊசி இல்லாமலே.

வங்கிக்காரரின் மனைவிக்கு நல்ல மனசு. மறுநாளே தங்கள் வீட்டில் சும்மா கிடந்த பெரிய கட்டிலை ஆள் வைத்து மேலே ஏற்றினார். "உங்களுக்குச் சின்னதே போதும். ஆனா அவர் வந்தா பெரிய கட்டில் வேணுமில்ல?" என்றார். கூலிக்கு வந்த ஆட்கள் கட்டிலை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மகளும் அத்தையும் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை கடையில் மிச்சம் விழுந்த மஞ்சள் துணியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே வெட்டித் தைத்துவிட்டாள். மகளுக்கு மஞ்சள் என்றால் உயிர். கம்பி மாட்ட வந்தவனைக் கடையில் ஏணி என்பார்கள். ஆள் குட்டை, அதனால் அந்தப் பெயர். "அளவு எடுத்தீங்களாக்கா? நான் ஒண்ணும் எடுத்துத் தரலையே?" என்று கேட்டான்.

"எனக்கே அளவு சொல்றியா? போடா" என்றாள். கம்பியை மட்டும் அடித்துவிட்டு அவன் போய்விட்டான்.

ஞாயிறு காலை திரையைக் கோத்து மாட்டி இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். கீழே ஒரு சாண் குறைந்தது. ஜன்னலின் அடிப்பக்கம் வெறிச்சென்று தெருவைக் காட்டியது. கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் கை வெட்டியது பழைய வீட்டில் மகள் அறை ஜன்னலின் அளவை. மகள் பிறந்ததிலிருந்து வருஷாவருஷம் அந்த அறைக்குத் திரை மாற்றியவள். அந்த அளவுக்கு டேப்பே தேவைப்பட்டதில்லை. கழற்றிவிடலாம் என்று நாற்காலியை இழுத்தபோது படிக்கட்டில் பேச்சுக்குரல் கேட்டது.

முதல் மாடியில் வங்கிக்காரரின் மனைவி மகளைப் பிடித்துக்கொண்டார். "நீதானா பாப்பா? வா வா. அப்பாவும் ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுவாராமே!"

அத்தை மேலே வந்து, அண்ணியாக இருந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் கீழ நிக்கறேன். நீங்க பேசிக்கங்க" என்று இறங்கிப் போய்விட்டாள்.

மகள் கூடத்தைப் பார்த்தாள். அம்மாவின் அறையில் பெரிய கட்டிலைப் பார்த்தாள். தன் அறைக்குள் போய் மஞ்சள் திரையைத் தொட்டு, அதன் ஓரம் நின்ற இடத்தைப் பார்த்தாள். திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. ஒரு வருஷமாக அம்மா பார்க்காத முகம்.

"அம்மா, இது இந்த ஜன்னலுக்குத் தைச்சது இல்ல. என் ரூமுக்கு. நம்ம வீட்டு ரூமுக்கு."

"அது வந்து..."

"நீ அளவு தப்பா வெட்டவே மாட்டியே. அந்த ஆன்ட்டி அப்பா வர்றார்ங்கறாங்க. பெரிய கட்டில் போட்டிருக்க. ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? அப்பா இங்க வந்து, அப்புறம் எல்லாரும் அங்க போயிடப் போறோமா? எனக்குத் தெரியாம சஸ்பென்ஸ் வச்சிருக்கீங்களா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவைக்க முடியுமா என்றுதான் முதலில் தோன்றியது. முடியாது.

"இல்லடி கண்ணு. வீடு கிடைக்கணும்னு சொன்ன பொய் அது. புரோக்கர் சொன்னார், நான் தலையாட்டிட்டேன். கட்டில் அவங்க குடுத்தது."

"திரை?"

"திரை... அம்மா தப்பா வெட்டிட்டேன்."

மகள் நம்பாததுபோல் திரையையே பார்த்தாள். மற்றதையெல்லாம் உடனே நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது. திரை விஷயத்தை நம்பத்தான் நேரம் பிடித்தது. கடைசியில் கேட்டாள்: "அப்ப அந்த ஆன்ட்டி கேக்கும்போதெல்லாம் நானும் அப்பா வருவார்னு சொல்லணுமா?"

"வேணாம்."

"தினமும் படியில பாப்பாங்களேம்மா."

அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொள்ள ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அத்தை நிக்கறாங்க" என்று இறங்கிப் போனாள்.

மாலை அவள் முதல் மாடிக் கதவைத் தட்டினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கணவர் வரமாட்டார், வெளியூரும் இல்லை, வேலையும் இல்லை, விவாகரத்து ஆகிவிட்டது. வங்கிக்காரரின் மனைவி கதவுப் பிடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டோம்" என்றார். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இப்ப குடுத்தாச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். இனிமே மட்டும் எதையும் மறைக்காதீங்க." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "கட்டில் இருக்கட்டும். உங்களோட பாப்பா படுத்துக்கட்டும்."

அவள் சரி என்றாள். வாயைத் திறந்து சொன்னாள்.

புதன்கிழமை மகளிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம். "இந்த வருஷம் இங்கயே படிக்கறேம்மா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான் இருக்காங்க." மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துச் சரிசெய்த வாக்கியம் மாதிரி இருந்தது.

"நான் உண்மையச் சொல்லிட்டேன்டி. கீழ ஆன்ட்டிகிட்ட."

"திட்டினாங்களா?"

"இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

பிறகு மகள், "அந்த மஞ்சள் திரையை என்னம்மா பண்ணுவ? கழட்டிடுவியா?" என்று கேட்டாள்.

"அடியில வேற துணி வச்சு ஒட்டுப் போடணும். ஒட்டு தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்."

கடையில் மறுநாள் அவள் மஞ்சளுக்குப் பக்கத்தில் வரும்படி ஒரு பழுப்புத் துணியை எடுத்தாள். ஏணி பார்த்துவிட்டு, "யார் வீட்டு ஜன்னலுக்கா?" என்றான். வாயில் குண்டூசி இருந்தது. அவள் அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துவிட்டு, "என் வீட்டுது. நான்தான் தப்பா வெட்டினேன்" என்றாள். ஏணிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

திரை இப்போது ஜன்னலின் அடி வரை தொங்குகிறது. அரையாண்டுப் பரீட்சை விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மகளை அத்தை பஸ் ஏற்றி விடுவாள்; மகள் பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்பிப் போவாள்.