சுண்ணாம்பு அடித்த சுவர்

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு காராசேவுக் கடை. முன்னால் அப்பா தராசோடு உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் அம்மா எண்ணெய்ச் சட்டியோடு நிற்பாள். சட்டிக்குக் கீழே மரத்தூள் அடுப்பு. தகர டிரம்மின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்துக் கெட்டித்துக் கட்டையை உருவினால், மேலிருந்து கீழ்வரை ஒரு துளை நிற்கும். அடியில் பற்றவைத்தால் மத்தியானம் வரை சீராக எரியும். ஈரத்தூள் வந்துவிட்டால் புகை கண்ணைப் பிடுங்கும்.

அந்தப் புகையைப் படிக்கத்தான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் இடம் கிடைத்த துறையில் சேர்ந்தேன். கிடைத்தது, பொருள்கள் எப்படி எரிகின்றன என்று படிக்கிற துறை. ஆனால் ஐரோப்பாவில் ஓர் ஆய்வகம் மூன்று மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது, அடுப்புப் புகையை அளக்கக் கற்றுத் தருகிறார்கள் என்று தெரிந்ததும், விண்ணப்பத்தில் அம்மாவின் அடுப்பைத்தான் எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள். அவரவர் ஊரில் தினமும் எரிகிற அடுப்புக்கு மேலே படிந்த கரியைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து வரவும் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் யார் இருமினாலும் பழி சயனைடு மேட்டுக்குத்தான். தங்கச் சுரங்கம் மூடிய பிறகும், கல்லை அரைத்துச் சயனைடு கலந்து தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசி சோற்றுத் தட்டு வரை வரும். அது பொய்யில்லை. ஆனால் இலை அசையாத மாதத்திலும் அம்மா இருமினாள். அடுப்பால்தான் என்றால், "போடி, நெருப்பு இன்னாடி பண்ணும்? எல்லாம் அந்த மேட்டுத் தூசி" என்பாள். கேஸுக்கு மாறுங்கள் என்றால், "கேஸ்ல தீ நின்னு எரியாதும்மா. காராசேவு நமுத்துப்பூடும்" என்பார் அப்பா. தீயைப் பற்றி எனக்கே பாடம்! பற்றிக்கொண்டு வரும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்கட்டுச் சுவரில் இருக்கும் கரியைக் கொஞ்சம் எடுத்துப்போக வேண்டும், அங்கே பார்ப்பார்கள் என்றேன். பார்ப்பார்கள் என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. எங்கள் கடைத்தெருவில் யாராவது கடையைப் பார்ப்பார்கள் என்றால் அது உணவு இன்ஸ்பெக்டர்தான். அவர் வருகிறார் என்று பேச்சுக் கிளம்பினாலே போதும், தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாளி இறங்கிவிடும்.

சனிக்கிழமை ரயிலிறங்கிக் கடைக்குப் போனேன். பின்கட்டு பளீரென்று இருந்தது. அம்மா ஸ்டூல் மேல் ஏறி, ஒற்றை ஆளாக, வருடக்கணக்கில் படிந்த கரியைத் துடைப்பத்தால் தட்டி இறக்கிச் சாக்கடையில் தள்ளி, சுண்ணாம்பும் அடித்து முடித்திருந்தாள். முன்னால் இருக்கும் பலகாரத்தில் கரி விழக்கூடாது என்று கதவை வேறு சாத்திக்கொண்டு செய்திருக்கிறாள். மாவு மூட்டையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"நம்ம அழுக்க வெள்ளக்காரனுக்கு எடுத்துக்கினு போய் காட்டுவியா? மானம் போவாது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்தது, நிற்கவில்லை. முந்தானையில் துப்பியது கறுப்பாக இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் கேட்டதும் மாஸ்க்கை விலக்கி, "மேட்டுத் தூசி டாக்டர்" என்றாள். "இல்லை, அடுப்புப் புகை" என்றேன். இனிமேல் புகைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார்.

டாக்டர் போனதும், "நான் எங்கேயும் போகலம்மா" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரி இல்லன்னுதான சொல்ற? அவ்ளோ முக்கியம்னு தெரியாம பண்ட்டேன். நீ போய்ட்டு வா. மூணு மாசம் அடுப்பு எரிஞ்சா செவுரு தானா கருத்துடும். அடுத்த வாட்டி வேணுங்கிற மட்டும் எடுத்துக்கினு போ."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் கடையில் கேஸ் அடுப்பு இருந்தது. மரத்தூள் டிரம்மைப் பின்பக்கம் கவிழ்த்து வைத்திருந்தார். பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னேன். போடலாம், இன்னா அவசரம் என்றார். அம்மா வீடு திரும்பி, விரட்டாத குறையாக என்னை அனுப்பி வைத்தாள்.

இங்கே ஆய்வகத்தில் வெள்ளைத் தாள் வழியாகப் புகையை இழுத்து, தாள் எவ்வளவு கறுக்கிறது என்று அளக்கிறோம். என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்க் கரியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். என் டப்பா காலி. இப்போதெல்லாம் வெறும் கண்ணாலேயே தாளைப் பார்த்து எது எரிந்தது என்று ஓரளவு சொல்லிவிடுகிறேன். கேஸ் எரிந்தால் தாள் அவ்வளவாகக் கறுப்பதில்லை.

அம்மா தினமும் பின்கட்டில் நின்று வீடியோ காலில் பேசுகிறாள். இன்றைக்கு என்ன எரிகிறது என்று முதலில் கேட்டுவிடுவேன்.

"கேஸ்தாண்டி. எத்தினி வாட்டி கேப்ப?" சிரிப்பாள், இருமுவாள்.

நேற்று பேச்சுவாக்கில் போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துவிட்டாள். சட்டிக்கு நேர் மேலே, வெள்ளைச் சுவரில், கறுப்பாக ஒரு திட்டு ஏறியிருந்தது.