கரண்ட் போன வெள்ளிக்கிழமை

கமலவேணியைப் பற்றி யார் கேட்டாலும் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் முதலில் சொல்வேன். 1987. ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. குடியாத்தம் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். வேலூருக்குப் போய்ப் படித்தவள். எங்கள் ஆபீஸில் அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள்.

கரண்ட் போனால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும். பிளாப்பியில் ஏற்றினால்தான் நிற்கும். மேனேஜர் ரஃபி அகமதுவோ இருந்த ஒரே பிளாப்பியை, கம்பெனி சொத்து என்று இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாயங்காலம்தான் வெளியே எடுப்பார். என்னத்தைச் சொல்ல! இரண்டு தடவை ஏற்றுமதி லிஸ்ட் மொத்தமாகப் போனது.

"இன்னொரு வாட்டி போச்சுன்னா மிஷினைத் திருப்பி அனுப்பிடுவேன். நீயும் வேற வேலை பாத்துக்கம்மா" என்றார்.

கமலவேணி அழவில்லை. கம்பெனி எலக்ட்ரீஷியன் ஜார்ஜைப் பிடித்து, லாரி பேட்டரி ஒன்றையும் இன்வெர்ட்டரையும் மேசைக்கடியில் மாட்ட வைத்தாள்.

"ரொம்ப நேரம் தாங்காதும்மா. கரண்ட் போன உடனே பிளாப்பில ஏத்திடு" என்றார் ஜார்ஜ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மேனேஜர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். பட்டென்று கரண்ட் போனது. ஃபேன் நின்றது, தோல் புரட்டும் டிரம் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் நிற்கவில்லை! நான் கத்தியே விட்டேன்.

"அண்ணே, பிளாப்பி பெட்டிக்குள்ள இருக்கு! சாவி சார்கிட்ட!" என்றாள்.

சைக்கிளை எடுத்துப் பள்ளிவாசலுக்குப் பறந்தேன். தொழுகை முடிந்து வெளியே வந்தவரைச் செருப்புகூடப் போடவிடாமல் கேரியரில் ஏற்றினேன். "இன்னாய்யா, தீ பிடிச்சிச்சா?" என்று வழியெல்லாம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சு ஏது?

நாங்கள் நுழையும்போது திரையில் எழுத்துகள் ஆட ஆரம்பித்துவிட்டன. அவர் பூட்டைத் திறந்தார். கமலவேணி பிளாப்பியைப் பிடுங்கிச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. அடுத்த நொடி திரையும் இருண்டது.

"ஏறிடுச்சா?" என்றார் மேனேஜர்.

"தெரியல சார்."

கரண்ட் வரும்வரை யாரும் சாப்பிடவில்லை. வந்ததும் போட்டுப் பார்த்தாள். அடித்த வரைக்கும் லிஸ்ட் அப்படியே இருந்தது, அவள் பாதியில் விட்ட வரி உட்பட! ஜார்ஜ் விசிலே அடித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கமலவேணி மட்டும் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார்... நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா?"

"நாளைக்கா? இன்னும் பாதி லிஸ்ட் பாக்கி இருக்கு, உக்காரும்மா" என்றார் அவர், பிளாப்பியை அவள் பக்கமே தள்ளிவிட்டு.