கனகதாஸ் தோட்டத்தில் விழுந்த வாழைகள்

பனச்சமூட்டுச் சந்தைக்குள் நுழைந்தால் கனகதாஸ் நேராகக் கடைக்குப் போகமாட்டார். யாருடைய சைக்கிளோ சரிந்து கிடந்தால் நிமிர்த்தி வைப்பார். மரச்சீனிக் கிழங்குக் குவியல் உருண்டு வழியில் கிடந்தால் குனிந்து அடுக்குவார். கடைக்காரர் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. விழுந்து கிடக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தொழில் ஏத்தன் வாழை. நிலம் பாறசாலை சுந்தரதாஸுடையது. இவர் பாட்டத்துக்கு, குத்தகைப் பணம் கொடுத்து, பயிர் செய்கிறார். இவர் தோட்டத்தில் ஒரு சருகு தங்க வேண்டுமென்றால் அதற்கு அதிர்ஷ்டம் வேண்டும்.

இந்தச் சுத்தம் தொண்ணூற்று நாலில் அவர் வயிற்றில் அடித்தது. காற்றில் வாழை மொத்தமும் விழ, மறுநாளே வெட்டி ஒதுக்கி மரச்சீனிக் கம்பு ஊன்றிவிட்டார். நஷ்டம் பார்க்க வந்த விவசாய இலாகாவின் கிருஷி ஆபீசர் பெருக்கிய முற்றம் போலக் கிடந்த நிலத்தைப் பார்த்து, எழுத ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டார். அக்கம்பக்கத்துச் சோம்பேறிகளுக்கெல்லாம் நிவாரணம் வந்தது. பாவம், இவருக்கு வரவில்லை.

தொண்ணூற்றாறில் மறுபடியும் வாழை, மறுபடியும் காற்று. பாட்டப் பாக்கி ஓணத்துக்குள் வராவிட்டால் நிலத்தில் ரப்பர் வைக்கப்போவதாகச் சுந்தரதாஸ் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். நிவாரணம் வந்தால்தான் நிலம் நிலைக்கும். மனைவி லீலாபாய் வெட்டுக்கத்தியை எடுத்து ஒளித்தாள்.

"ஆப்பீசர் வாறது வரைக்கும் ஒரு இலையைத் தொடப்பிடாது, கேட்டியளா?"

"கன்னெல்லாம் அடியில கெடந்து நசுங்குது லீலா. பாத்துட்டு நிக்க என்னால களியாது."

நிற்கத்தான் வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ராத்திரி எழுந்து தோட்டத்துக்குப் போய்விடக் கூடாதென்று லீலாபாய் வாசலை அடைத்துப் பாய் விரித்தாள்.

ஒரு வழியாகப் புது ஆபீசர் ஸ்மிதா வந்தாள். மேடத்துக்கு இளநீர் வெட்ட வேண்டும் என்று கனகதாஸ் கத்தியைக் கேட்டார். மரியாதைக் காரியம், லீலாபாய் கொடுத்துவிட்டாள்.

இளநீர் குடித்துவிட்டு ஸ்மிதா குலை தள்ளியது தனி, தள்ளாதது தனி என்று எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தாள். லீலாபாய் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனாள். கடைசி வரிசையில் இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று கலந்துபோயிற்று.

"திரும்ப ஒண்ணுகூடி எண்ணணும் சேட்டா. முதல்ல இருந்து," என்று திரும்பியவள் அப்படியே நின்றாள். முதல் நாலைந்து வரிசைகளில் வெறும் மண். வெட்டிய வாழைமரத் தடைகள் வேலியோரம் அழகாக அடுக்கிக் கிடந்தன. கையில் கத்தியோடு கனகதாஸ் நின்றார்.

"எண்ணித் தீந்த வரிசையாக்கும்னு நெனச்சேன், மேடம்."

லீலாபாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்மிதா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. விழுந்து கிடப்பதைப் பார்த்தால்தான் எழுத முடியும் என்று மட்டும் சொன்னாள்.

கனகதாஸ் கத்தியைக் கீழே போட்டார். வேலியோரத்திலிருந்து ஒரு வாழைத்தடையைத் தோளில் தூக்கி வந்து, அது விழுந்து கிடந்த இடத்தைத் தேடி, காற்று சாய்த்த திசையிலேயே கிடத்தினார். கிடத்தும்போது அடியில் முளைத்திருந்த கன்றை நசுங்காதபடி ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டார்.