கிரீஸ் கரையில் ஒரு பெரட்டு

ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில், ஊர் அழகாக இருந்தால் அது கடவுள் புண்ணியம், மழை பெய்தால் அது கைடின் குற்றம். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு டிராவல் ஆபீஸ் கவுண்டரில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். நவம்பரில் கிரீஸ் கடலோர ஊர்களுக்குக் கப்பல் பயணம், பாதி விலை. பாதி விலை ஏன் என்று தெரிந்த சீனியர் பாலன் நைசாக நழுவிக்கொண்டார். ஆட்களைக் கூட்டிப் போக நான் கையைத் தூக்கினேன். எப்படியாவது கைடாகிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. முதலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போய்ட்டு வா. ஆனா ஒரு புகார் வந்தாலும் மறுபடி கவுண்டர்தான்லா."

நாப்பிலியோவில் மழை

முதல் ஊரிலேயே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கடைகளை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். கடற்கரை நாற்காலிகளைக் கவிழ்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், என் கூட்டத்தில் வந்த மாரிமுத்து ஐயா குடையை மடக்கிவிட்டு நடுத்தெருவில் இறங்கிவிட்டார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். டாக்டர் மகன் அனுப்பி வைத்த பயணம் இது. சளி பிடிக்கும் ஐயா என்றேன். "தோட்டத்துல மழ பேஞ்சா பால்வெட்டு இல்ல, அன்னிக்குக் கூலியும் இல்ல. மழயப் பாத்தாலே வயிறு எரியும். இன்னிக்குத்தான்மா சந்தோசமா நனையிறேன், விடுலா!"

கானியாவில் புகை

கானியாவிலும் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டு. எல்லோரும் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு நடக்க, ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்த காதர் அண்ணன் மட்டும் கூரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று ஒரு சந்துக்குள் புகுந்து பின்கதவைத் தட்டினார். உள்ளே கடைக்காரர் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

காதர் அண்ணனுக்குக் கிரேக்கம் ஒரு வார்த்தை வராது. தட்டிலிருந்த கணவாயை, எங்கள் ஊர்ச் சோத்தோங்கைக் காட்டினார், பையிலிருந்த மிளகாய்த்தூளைக் காட்டினார், அடுப்பைக் காட்டினார். சற்று நேரத்தில் எங்கள் கூட்டம் முழுக்க அந்தச் சமையலறையில் சோத்தோங் சம்பல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடி தட்டை நீட்டினார். மூடிய கடையை எந்தத் தைரியத்தில் தட்டினீர்கள் என்று கேட்டேன். "முன்னால பூட்டு தொங்குனா என்னா தங்கச்சி, பின்னால பொக வருதுல்ல? நானும் கடக்காரன்தானே, மூடுன அன்னிக்கும் எங்களுக்குப் பசிக்கும்லா."

ஹைட்ராவில் பெரட்டு

ஹைட்ராவில் கார் கிடையாது. மலை மேலே ஏறும் படிச் சந்துகள்தான். எங்கள் ஆட்களும், அதே கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று சீறியது. உடனே கிளம்பாவிட்டால் ஆபத்து என்றார் கப்பல் அதிகாரி. ஒருவரை விட்டுவிட்டுப் போனாலும் என் கைடு கனவு அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தைக் காற்று தின்றுவிட்டது.

மாரிமுத்து ஐயா துறைமுகச் சுவரில் ஏறி நின்றார். "பெரட்டுக்கு வாங்க!" மலையே அதிர்ந்தது. விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அந்தக் குரல் கேட்டதும் ஆயர் தாவார் தோட்டத்துப் பாக்கியம் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே மற்றவர்கள். என்னமோ ஏதோவென்று வெள்ளைக்காரர்களும் ஓடி வந்தார்கள். ஐயா அவர்களையும் கையசைத்து வரிசையில் நிறுத்தினார்! ஒருவர் குறையவில்லை. அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்க, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயா மீசையைத் தடவிக்கொண்டார்: "அந்தக் காலத்துல நாங்க வரிசையில நிப்போம், தொர பாத்துக்கிட்டு இருப்பாரு. இன்னிக்குத் தொரைங்க நிக்கிறாங்க, நான் பாக்குறேன்மா."

கவுண்டரில்

ஊர் திரும்பிய மறுவாரம் பாக்கியம் அக்கா தோழிகளோடு ஆபீசுக்கு வந்தார். இன்னொரு பயணம் வேண்டுமாம். பாலன் பாய்ந்து வந்து, சீசனில் தானே கூட்டிப் போவதாகவும், நல்ல வெயில், கூட்டம் ஜேஜே என்று இருக்கும் என்றும் ஆசை காட்டினார். முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கியம் அக்கா மடக்கினார்: "கூட்டத்தப் பாக்கணும்னா தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோயிலுக்குப் போய்க்கிறோம் தம்பி. எங்களுக்கு இந்தப் புள்ளதான் வேணும், மழ மாசமே போதும்."

அன்றே முதலாளி என்னைக் கைடாக்கினார். அதற்கப்புறம் எத்தனையோ நாடுகள் போய் வந்துவிட்டேன், ஒரு ஊரைக்கூட வெயிலில் பார்த்ததில்லை.