வளவன் பதிவு செய்த ஒப்பாரி

வேங்கிக்காலில் தன் வீட்டு முன்னறையைத்தான் வளவன் ஸ்டுடியோவாக வைத்திருந்தான். சுவரெல்லாம் முட்டை அட்டை, மூலையில் கம்ப்யூட்டர், உருப்படியான மைக் ஒன்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் விற்கிற பக்திப் பாட்டு சிடிக்களில் பாதி அங்கே பிறந்தவை. பாட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சுருதி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. அத்தனை பேரையும் சகித்துக்கொண்டவனுக்கு, ஒரே ஒரு நல்ல குரலையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று வெறி.

அந்தக் குரல் அடி அண்ணாமலை பாஞ்சாலையிடம் இருந்தது. சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுகிறவள். 2004இல் ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டிவந்தான். உள்ளறையில் வளவனின் அப்பா அப்பாசாமி நெஞ்சு வலியோடு படுத்திருந்ததால் அவன் மனைவி கஸ்தூரிக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"சாவு விழாத வீட்ல இதப் பாடறதே தப்பு தம்பி. ஒரு வாட்டிதான் பாடுவேன். மறுபடி கேக்காத," என்றாள் பாஞ்சாலை.

பாடினாள். கம்ப்யூட்டருக்குள் போகாமல் மிக்சரிலிருந்து நேராக ஹெட்போனுக்கு வந்த குரலில் வளவன் சொக்கிப்போனான். முடிந்ததும் உள்ளேயிருந்து, "என் சாவுக்கு இப்பவே பாடிட்டாங்களாடா?" என்று அப்பாசாமி சிரித்தார்.

அவள் போனபின் பதிவைப் போட்டுக் கேட்டான். ஓங்கிப் பாடிய இடங்கள் சுமார். குரலைத் தாழ்த்தி முனகிய இடமெல்லாம் மணலை அரைத்தாற்போல் கரகரப்பு. ஒயரை மாற்றினான், ஃபேனை நிறுத்தினான், கரண்ட்டைத் திட்டினான். கடைசியில்தான் சவுண்ட் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பார்க்கத் தோன்றியது. போன வாரம் வைரஸ் என்று எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை ஏற்றியபோது ஏதோ ஒரு டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தது. இருபத்துநாலு பிட்டில் வாங்க வேண்டிய ஒலியை அது எட்டு பிட்டில் வாங்கியிருந்தது. பிட் குறைந்தால் மெல்லிய ஒலிதான் முதலில் நாசமாகும், பிறகு அதை யாராலும் மீட்க முடியாது. பாட்டுக்கு முன் கொஞ்சம் பதிவு செய்து போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவனுக்குத்தான் அவசரமாயிற்றே.

சரியான டிரைவரைப் போட்டுவிட்டுப் பாஞ்சாலையிடம் ஓடினான்.

"சாவு வீட்டுக்கு வா தம்பி, பாடறேன். இல்லன்னா மாட்டேன்."

கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் அவள் பாடப் போன ஒரு சாவு வீட்டுக்கே போனான். அடிக்காத குறையாக விரட்டினார்கள்.

ஆடி மாதம் அப்பாசாமி போய்விட்டார். பாஞ்சாலை தானாகவே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். வளவனை நிமிர்ந்து பார்த்து, "எடுத்துக்கோ தம்பி," என்றாள்.

மைக்கைக் கூடத்துக்கு இழுத்தான். டிரைவரைச் சரிபார்த்தான். இந்த முறை கொஞ்சம் பதிவு செய்து போட்டும் கேட்டான். அவள் பாடத் தொடங்கியதும் கஸ்தூரி, "என்னங்க, மாமாகிட்ட வந்து உக்காருங்க," என்று கூப்பிட்டாள். "தோ வரேன்," என்றவன் திரையில் ஏறி இறங்கிய பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொள்ளிச்சட்டி எடுக்க வரச்சொல்லி யாரோ தோளைத் தொட்டபோதுதான் எழுந்தான்.

பதிவு அப்பழுக்கில்லாமல் வந்தது. அதை அவன் யாருக்கும் விற்கவில்லை. பாஞ்சாலையின் முனகல், அத்தைகள் மாரடித்துக்கொள்வது, கஸ்தூரி கூப்பிடுவது, அவன் "தோ வரேன்" என்பது எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அவன் அழுகை மட்டும் அதில் எங்கேயும் இல்லை.